இருபது டன் பிரஸ்ஸும் உடையாத தேங்காயும்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பொருள் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், சரியில்லை என்றால் சிவப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான் பிழைப்பு. இந்த உத்தியோகத்தில் என்ன கஷ்டம் என்றால், கம்பெனி பஸ்ஸை விட்டு நான் இறங்கினாலும் அது இறங்காது. கூடவே வீட்டுக்கு வரும். கேம்ப் ரோட்டில் நான் கத்தரிக்காய் பொறுக்க உட்கார்ந்தால் கடைக்கார அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். (அரைக் கிலோவுக்கு இருபது நிமிஷம். அவர் மேல் தப்பே இல்லை.)

அப்பேர்ப்பட்டவள், ஏழு வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரரின் கையைக் கூழாக்கியிருக்க வேண்டிய ஒரு மெஷினுக்கு என் கையாலேயே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். அதுவும் சும்மா ஒட்டவில்லை. ஒட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சேகர் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் பத்து வருஷம் இருந்தவர். வேலையை விட்டுவிட்டுச் சேலையூரில் சொந்தமாக மெக்கானிக் கடை போட்டார். விடும்போது அந்த ஷோரூம் மேனேஜரிடம் நாலு வீர வசனம் பேசிவிட்டு வந்தார். (வசனம் நான் எழுதிக் கொடுத்தது.) ஆகவே திரும்பிப் போகிற கதவையும் நாங்களே பூட்டியிருந்தோம். மூன்று மாதம் ஆயிற்று. கடைக்கு வந்ததெல்லாம் காற்றடிக்க வந்தவர்களும், சும்மா ஒரு சத்தம் கேட்கிறது பாருங்கள் என்று வந்து, அவர் பார்த்துச் சொன்னதும் கிளம்பிவிடுகிற கோஷ்டியும்தான்.

அந்த நேரத்தில்தான் நஜீர் பாய் வந்தார். வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டு போய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பு அவர். கோவிலம்பாக்கத்தில் நாற்பது ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். மேடவாக்கம் பக்கத்துப் பள்ளங்களில் பாரத்தோடு விழுந்து எழுந்து, எல்லா வண்டியிலும் சக்கர பேரிங் போய்க்கொண்டே இருந்தது. நாற்பதையும் உங்களிடமே விடுகிறேன், ஆனால் ஒரே ஒரு கண்டிஷன் என்றார் பாய். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. பிரஸ் வைத்து அமுக்கித்தான் ஏற்ற வேண்டும். அடித்து ஏற்றிய பேரிங் இரண்டு மாதத்தில் மறுபடியும் கரகரவென்று அழ ஆரம்பித்துவிடும், எனக்கு அந்தப் பேஜார் வேண்டாம் என்றார்.

இந்த நாற்பது வண்டி வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் கடையை மூடிவிட்டு அந்த மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு வேறு வழி எதுவும் இல்லை.

பிரஸ் என்பது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். மேலே எண்ணெயில் வேலை செய்கிற ஜாக்கி. நடுவில், சாமானை வைப்பதற்கு ஒரு குறுக்குச் சட்டம். கைப்பிடியை ஏற்றி இறக்கினால் ஜாக்கியின் தண்டு மெல்லக் கீழே வந்து டன் கணக்கில் அமுக்கும். அவ்வளவுதான். விலை அதிகமான பிரஸ்ஸும் இப்படித்தான் இருக்கும், மலிவான பிரஸ்ஸும் இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் என்னைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க தலையிடாதீங்க. செலக்‌ஷன் என் டிபார்ட்மெண்ட்” என்று சேகரிடம் சொல்லிவிட்டு, குரோம்பேட்டை தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு மெஷின் கடைக்கு நான் மட்டும் போனேன். கையில் கம்பெனியில் கேட்டு வாங்கிய ஒரு மீட்டர். இரும்பின் மேல் பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று காட்டும் கருவி அது. கடைக்காரர் வரிசையாக ஏழெட்டு பிரஸ் நிறுத்தியிருந்தார். அதில் ஒன்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. செக்கச்செவேல் என்ற பெயிண்ட், நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ‘20 டன்’ என்று ஸ்டிக்கர். விலையும் மற்ற கடைகளில் கேட்டதில் பாதி.

டேப் வைத்து உயரம், அகலம் அளந்தேன். மட்டம் பார்த்தேன். பிறகு மீட்டரை வைத்தேன். தூண்களில் எண்பது மைக்ரான், ஒழுங்கான பெயிண்ட். சட்டங்கள் சேருகிற மூலைகளில் வைத்தால் ஆயிரத்து இருநூறு.

இந்த இடத்தில், வேலை தெரிந்த எந்த இன்ஸ்பெக்டரும் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப் போனேன். ஆகா, மூலையில்தான் துரு பிடிக்கும் என்று தெரிந்து எவ்வளவு தாராளமாக அடித்திருக்கிறான் மனுஷன் என்று நினைத்தேன். ஆயிரத்து இருநூறு என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ‘மிக நன்று’ என்று வேறு போட்டேன். அந்த இருபது டன் ஜாக்கிக்கு மட்டுமா, அதைத் தாங்குகிற சட்டத்துக்கும் சேர்த்தா என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மாதிரி செக் பண்ணி வாங்குகிறவர்களை என் சர்வீஸில் பார்த்ததில்லை மேடம் என்றார். நான் உருகிவிட்டேன். ரிப்போர்ட்டில் பெயர், பதவி எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியை அவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரஸ்ஸைக் கொண்டு வந்து இறக்கியவர் லோடு ஆட்டோ ஏகாம்பரம் அண்ணன். இந்த மாதிரி சாமான்களைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர். இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பிரஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இன்னாம்மா, இருபது டன்னுன்றீங்க. நானும் இன்னொரு ஆளும் அசால்டா தூக்கினு வந்துட்டோம். ரொம்ப லேசா கீதே.”

நவீன டிசைனில் எடையைக் குறைத்து பலத்தைக் கூட்டுவார்கள் என்று அவருக்குப் பத்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். படிச்சவங்க சொல்றீங்க, சரிம்மா என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மெஷினைத் தூக்கியவர் அவர். நான் தூக்கிப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்துப் பூஜை வைத்தோம். பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம், நெற்றியில் என் பச்சை ஸ்டிக்கர். நஜீர் பாயும் வந்திருந்தார். பூஜை முடிந்ததும் தன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி, கண் முன்னால் பேரிங் ஏற்றிக் காட்டச் சொல்லப் போகிறார். சரியாக இருந்தால் அன்றைக்கே பேச்சை முடித்துவிடலாம். சேகர் இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டுப்புடவை.

தேங்காய் உடைக்கிற நேரம் வந்தது. என் மாமியார், தேங்காயைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குக் கிளம்பினார். எனக்கு அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது.

“அத்தை, எதுக்கு வாசல்ல உடைக்கணும்? பிரஸ்லயே வெச்சு உடைப்போம். மெஷினோட முதல் வேலையே சாமி காரியமா இருக்கட்டுமே.”

சாமி தேங்காயை எவளாவது ஜாக்கி வைத்து உடைப்பாளா என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. இருபது டன் அத்தை, தேங்காய் எம்மாத்திரம் என்றேன். சொல்லும்போது ஓரக்கண்ணால் நஜீர் பாயைப் பார்த்துக்கொண்டேன். அவர் அசந்து போக வேண்டும் என்பதுதான் திட்டம்.

குறுக்குச் சட்டத்தின் மேல் ஓர் இரும்புப் பலகையைப் போட்டு, அதன் மேல் தேங்காயை வைத்தோம். அது உருண்டது. சேகர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியை அடித்தார். தண்டு கீழே வந்து தேங்காயின் குடுமியைத் தொட்டு நின்றது. கைப்பிடியை இன்னும் இரண்டு முறை அடித்தார். தேங்காய் அசையவில்லை. சட்டம்தான் லேசாக முனகியது. மாமியார் கற்பூரத் தட்டை நீட்டி, மொதல்ல இதை ஒத்திக்கோடா என்று அதட்டினார். சேகர் தேங்காயை விட்டு, இடது கையைக் கற்பூரத்தின் பக்கம் நீட்டிக்கொண்டே, வலது கையால் கடைசியாக ஓர் அழுத்து அழுத்தினார்.

டமார்.

குறுக்குச் சட்டத்தின் இடது பக்கம் பிய்த்துக்கொண்டு இறங்கியது. இரும்புப் பலகை சறுக்கி, சேகரின் பாதத்துக்கு ஒரு ஜாண் தள்ளித் தரையில் விழுந்து சிமெண்டைப் பெயர்த்தது. ஜாக்கி கவிழ்ந்து என் பட்டுப்புடவைக்கு எண்ணெய் அபிஷேகம் செய்தது. அந்தத் தேங்காய் இருக்கிறதே, அது ஒரு கீறல்கூட இல்லாமல் விருட்டென்று பறந்து, நஜீர் பாயின் காதோரமாகப் போய், வெளியே நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டரின் ஹெட்லைட்டைச் சுக்குநூறாக்கிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துகொண்டது. எங்களை நம்பி வந்த முதல் வண்டிக்கு நாங்கள் செய்த முதல் சர்வீஸ் அது.

மாமியார் நிதானமாக வெளியே போனார். அதே தேங்காயை எடுத்து வந்தார். வாசல்படியில் ஒரே போடு. சரிபாதியாக உடைந்தது. இருபது டன்னுக்கு மசியாத தேங்காய், அறுபத்திரண்டு வயசுக்கு மசிந்தது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எத்தனை டன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சேகர் குனிந்து, பிய்ந்த மூலையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். மேலே சிவப்பு, உள்ளே மஞ்சள். விரலால் நசுக்கினார். மாவாக உதிர்ந்தது.

“கீதா, இது வெல்டிங் இல்ல. பட்டி.”

கார் நசுங்கினால் பள்ளத்தை நிரப்பி மேலே பெயிண்ட் அடிப்பார்களே, அந்தப் பட்டி. ஓரத்தில் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டு, மீதி இடைவெளி முழுவதையும் பட்டியால் பூசி மெழுகியிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு மைக்ரான். மீட்டர் எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டது. நான்தான் அதற்கு ‘மிக நன்று’ போட்டேன்.

நஜீர் பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சேகரின் இடது கையைக் காட்டி, மெதுவாகச் சொன்னார். “கற்பூரம் வராம இருந்திருந்தா இந்தக் கை இப்ப இருந்திருக்காது தம்பி. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். நல்ல மெஷினா இருந்தா நாற்பது வண்டியும் உங்களுக்குத்தான். இல்லேன்னா தப்பா எடுத்துக்காதீங்க, வேற ஒரு கடை பாத்து வெச்சிருக்கேன்.” சேகர் அவசரமாக வேறு ஹெட்லைட் வாங்கி மாட்டிக் கொடுத்தார். பாய் கிளம்பினார்.

அன்று மத்தியானம் சேகர் சாப்பிடும்போது அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தும் இருந்தன. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாம்பார் நல்லா இருக்கு என்றார். அதைக் கேட்டதும் அழுகை நின்று ஆத்திரம் பிடித்துக்கொண்டது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் தேன் வடியப் பேசினார். நீங்களே செக் பண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே மேடம், அதை லேமினேஷன் பண்ணிக் கடையில மாட்டியிருக்கேன், கஸ்டமர்லாம் அதைப் பாத்துட்டுத்தான் நம்பி வாங்குறாங்க என்றார்.

என் பெயரைப் பார்த்து யார் யாரோ அந்த மெஷினில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு வந்தது கற்பூரம். அவர்களுக்கு யார் கற்பூரம் காட்டுவார்கள்?

வியாழக்கிழமை லீவு போட்டேன். மீட்டர் கையில், சிவப்பு ஸ்டிக்கர் கட்டு கைப்பையில். உடைந்த பிரஸ்ஸை ஏற்ற ஏகாம்பரம் அண்ணன் வந்தார். நான் சொன்னேன்ல என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தாம்பரம் தாண்டும் வரை ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். சேகரும் கூட வந்தார், நான் யாரையாவது அடித்துவிட்டால் பிடித்துக்கொள்ள.

கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சுவரில் என் ரிப்போர்ட் பளபளத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உள்ளே வந்து ஒரு காபி சாப்பிடுங்கள் மேடம், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். இங்கேயே நின்று பேசிக்கொள்ளலாம் என்றேன். நான் கத்தவில்லை. கம்பெனியில் தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒரு குரல் வைத்திருப்பார்கள், தூக்கத்தில் பேசுகிற மாதிரி. அந்தக் குரலில், நேராக முதல் பிரஸ்ஸிடம் போய், மூலையில் மீட்டரை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

“தூண் எண்பது. மூலை ஆயிரத்து நூறு. அண்ணா, சுரண்டுங்க.”

ஏகாம்பரம் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கீறு கீறினார். மஞ்சள் மாவு கொட்டியது. ஒட்டினேன் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அடுத்தது. மூலை ஆயிரத்து முந்நூறு. மாவு. சிவப்பு ஸ்டிக்கர். மூன்றாவதற்குப் போவதற்குள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் என் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர், மேடம், போன வாரம் இங்கதான் ஒண்ணு வாங்கினேன், அதையும் கொஞ்சம் வந்து பாக்கறீங்களா என்றார். ஐந்தாவது ஸ்டிக்கரில் கடைக்காரர் கைகூப்பிவிட்டார். ஏழாவதையும் முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த என் ரிப்போர்ட்டை நானே இறக்கினேன்.

“இது நான் செஞ்ச தப்பு. என் தப்பை நான் எடுத்துட்டுப் போறேன். இந்த ஏழும் உங்க தப்பு. ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கெல்லாம் இன்னிக்கே போன் பண்ணுங்க.”

கீழே சேகர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் வாய்விட்டு, “சூப்பர்மா” என்றார்.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அதற்குள் நாங்கள் பின்னால் இருந்த கிடங்கில் தேடினோம். மூலையில் ஒன்று தூசியோடு நின்றது. சாம்பல் நிறம், பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் மூலைகளில் வெல்டிங் எறும்பு வரிசை மாதிரி விடாமல் ஓடியிருந்தது. குறுக்குச் சட்டத்தைத் தாங்கும் கம்பிகள் என் கட்டை விரலைவிடத் தடிமன். எவ்வளவு அமுக்குகிறோம் என்று காட்டுகிற முள் வைத்த மீட்டரும் இருந்தது. சட்டம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்டு, அதைச் செய்த கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த சான்றிதழையும் வாங்கினேன். அதைப் பார்த்து யாருமே வாங்க மாட்டேன் என்கிறார்கள் மேடம், கவர்ச்சியே இல்லை என்று கடைக்காரர் புலம்பிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அதைத் தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஏகாம்பரம் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு, “இப்பத்தாம்மா மெஷின் மாரி கீது” என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் சோதனை. பிரஸ்ஸுக்கு முன்னால் சேகர் தடித்த இரும்பு வலை ஒன்றை மாட்டினார். எதிரில் யாரும் நிற்கக் கூடாது, சாமானை யாரும் கையால் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு இரும்புக் கட்டையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் அப்படியே நிறுத்தி, முள் இறங்குகிறதா, சட்டம் வளைகிறதா என்று பார்த்தோம். முள் அசையவில்லை. சட்டம் முனகக்கூட இல்லை.

சனிக்கிழமை நஜீர் பாய் வந்தார். கதம்பம் இல்லை, குங்குமம் இல்லை, பட்டுப்புடவை இல்லை. அவர் முதலில் நின்ற இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். (அனுபவசாலி.) வலையைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். சேகர் சக்கரத்தை வைத்து, பேரிங்கை வைத்து, வலையைச் சாத்தி, அமுக்கினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பாய் சக்கரத்தை எடுத்து, காதருகே வைத்து, விரலால் சுற்றினார். சத்தமே இல்லை. நானும் சேகரும் மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு தடவை சுற்றினார். பிறகு போனை எடுத்து, கோவிலம்பாக்கத்துக்குப் பேசினார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து வண்டியெல்லாம் சேலையூருக்கு அனுப்பு. அஞ்சஞ்சா அனுப்பு.”

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பத்து விரலாலும். நான் பாய் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இப்போது கடையில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். அந்தப் பழைய மேனேஜர்கூடப் போன வருஷம் தன் சொந்த வண்டியை எங்களிடம் பேரிங் மாற்ற அனுப்பினார். இந்தக் கதையை உலகத்துக்குச் சொல்கிற பொறுப்பை என் மாமியார் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் கணக்கில் நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின்கள் இப்போது பதினாறு. தேங்காய் பறந்த தூரம் கேம்ப் ரோட்டின் அடுத்த பஸ் ஸ்டாப் வரை நீண்டிருக்கிறது.

போன ஆவணியில் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், நல்ல பையன், எல்லாம் பளபளவென்று இருந்தது. கேசரி கொடுத்துவிட்டு மாமியார் வழக்கம்போல இந்தக் கதையை ஆரம்பித்தார். பதினாறாவது ஸ்டிக்கருக்கு வந்ததும் என்னைக் காட்டி, “எங்க மருமக எதையும் மேலோட்டமா பாக்க மாட்டா. சுரண்டிப் பாத்துட்டுத்தான் ஓகே சொல்லுவா” என்றார். கூடத்தில் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

“அக்கா, பயோடேட்டால டிகிரி முடிச்சாச்சுன்னு போட்டிருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு அரியர் பாக்கி இருக்குக்கா.”

அவருடைய அப்பாவுக்கே அது அப்போதுதான் தெரியும். என் நாத்தனார் அந்த நிமிஷமே சரி என்று சொல்லிவிட்டாள். வருகிற தையில் கல்யாணம். இரண்டு அரியரையும் எழுதி அவர் பாஸ் பண்ணியும்விட்டார். மார்க் ஷீட் வந்த அன்று, அதை அவர் முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியது எனக்குத்தான்.